மரம் காய்க்கும்வரை காத்திருக்க ஒரு கைப்பணம்: நன்கொடைச் சாக்லேட் என்றால் என்ன?

சில சாக்லேட் உறைகளின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். இதை வாங்கினால் விலையில் ஒரு பகுதி கொக்கோ விவசாயிகளுக்குப் போகும், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க அது உதவும் என்பது அதன் பொருள். படித்ததும் மனம் இளகுகிறது, வாங்கிவிடுகிறோம். அந்த ஒரு பகுதி எவ்வளவு, யார் கையில் சேர்கிறது, அந்தப் பணத்தைக் கொண்டு ஒருவர் வெயிலையும் மழையையும் எப்படிச் சமாளிப்பார் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். சந்தேகத்தால் இப்படிச் சொல்லவில்லை. சரியாகக் கேட்டால்தான் அந்தப் பணம் சரியான இடத்துக்குப் போகும்.

பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கொக்கோ மரத்தின் பிறப்பிடம் அமேசான் மேற்படுகைக் காடு. அங்கே வானளாவ வளர்ந்த மரங்களுக்குக் கீழே, வடிகட்டி விழும் வெளிச்சத்தில், காற்று அதிகம் படாத ஈரத்தில் வளர்ந்து பழகிய சிறு மரம் அது. இன்றும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. பூமத்திய ரேகைக்கு இருபுறமும் சுமார் 20 பாகைக்குள்தான் நன்றாக வளரும். வெப்பம் 18 டிகிரியிலிருந்து 32 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். ஆண்டுக்கு 1,500 முதல் 2,000 மில்லிமீட்டர் மழை வேண்டும், அதுவும் ஆண்டு முழுதும் பரவலாக. மாதத்துக்கு 100 மில்லிமீட்டர் மழைகூட இல்லாத வறட்சி மூன்று மாதத்துக்கு மேல் நீண்டால் மரம் திணறத் தொடங்கும்.

அதன் பூக்கள் அடிமரத்திலும் தடித்த கிளைகளிலும் நேரடியாக ஒட்டிக்கொண்டு பூக்கின்றன. ஒரு மரம் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் பூத்தாலும் காயாக நிலைப்பது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. மகரந்தத்தைக் கொண்டுசேர்ப்பது குண்டூசித் தலை அளவிலான ஒரு சிறு பூச்சி. அது ஈரமான சருகுகளிலும் அழுகும் மட்டைகளிலும் பெருகுகிறது. தரை காய்ந்து சருகு மொறுமொறுத்துப் போனால் பூச்சி குறையும், பூச்சி குறைந்தால் காயும் குறையும். காய் பிடித்த பிறகும் பழுக்க ஐந்தாறு மாதமாகும். பழத்தை வெட்டிப் பிளந்து, உள்ளே இருக்கும் 30, 40 விதைகளையும் வெள்ளைச் சதையோடு குவித்து, வாழை இலையால் மூடி ஐந்தாறு நாள் நொதிக்க விடுகிறார்கள். அதன்பின் சுமார் ஒரு வாரம் வெயிலில் உலர்த்துகிறார்கள். சாக்லேட்டின் மணத்துக்கு அடித்தளம் விழுவது இந்த நொதிப்பில்தான். பூக்கும் நாளிலிருந்து உலர்த்தும் நாள் வரை ஒவ்வொரு படியும் வானத்தை நம்பியே நடக்கிறது.

இன்று உலகக் கொக்கோவில் ஏறத்தாழப் பாதி ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளிலிருந்து வருகிறது. கானாவில் இந்தப் பயிர் வேரூன்றிய கதையை அங்கே பள்ளிக் குழந்தைகளும் சொல்வார்கள். டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் 1879இல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து விதைகளைக் கொண்டுவந்து மம்போங் என்ற ஊரில் நட்டார். அங்கிருந்து அது குடும்பம் குடும்பமாகப் பரவியது. பெரிய தோட்டக் கம்பெனிகளின் பயிராக அது அங்கே வளரவில்லை. இன்றும் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து ஹெக்டேர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளே பயிரிடுகிறார்கள். ஹெக்டேருக்கு 400, 500 கிலோ உலர்ந்த விதை கிடைத்தால் அது வழக்கமான விளைச்சல்.

வானம் எப்படி மாறியது

மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோ மண்டலத்தில் ஏப்ரலில் தொடங்கும் நீண்ட மழைக்காலமும், செப்டம்பர் வாக்கில் தொடங்கும் குறுகிய மழைக்காலமும் உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட புழுதிக்காற்று வீசும். இந்த ஒழுங்கை வைத்துத்தான் பாட்டன் காலத்திலிருந்து நடவும் அறுவடையும் நடந்துவந்தன. இப்போது அந்த ஒழுங்கு குலைகிறது. மழை தாமதிக்கிறது, வந்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது, வறண்ட மாதங்களின் வெப்பம் ஏறுகிறது.

வெப்பம் ஓரிரு டிகிரி ஏறினால் என்ன, கொக்கோ வெப்பநாட்டுப் பயிர்தானே என்று முதலில் நானும் நினைத்தேன். வெப்பம் இலையைச் சுட்டெரிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது நீரை உறிஞ்சிவிடுகிறது. சூடான காற்று மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் அதிக நீரை இழுக்கிறது, அதை ஈடுசெய்யும் அளவுக்கு மழை கூடுவதில்லை. அதே அளவு மழை பெய்தும் மரத்துக்குத் தாகம் எடுக்கிறது. தாகம் எடுத்த மரம் முதலில் இளம்பிஞ்சுகளைக் கைவிடும். அவை கறுத்துச் சுருங்கி மரத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையம் கானாவையும் ஐவரி கோஸ்டையும் பற்றி 2011இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. கொக்கோவுக்கு மிக உகந்த நிலம் கடல்மட்டத்திலிருந்து 100 முதல் 250 மீட்டர் உயரத்தில் இருந்தது, 2050க்குள் அது 450 முதல் 500 மீட்டருக்கு ஏறிவிடும் என்று அது கணித்தது. கேட்க எளிதாக இருக்கிறது. அந்த நாடுகளில் அவ்வளவு மேட்டு நிலம் கிடையாது, இருப்பதிலும் பெரும்பகுதி காப்புக்காடு. ஐவரி கோஸ்ட் தன் காட்டில் மிகப் பெரும்பகுதியை 1960க்குப் பிறகு இழந்துவிட்டது, அதற்குக் கொக்கோவே ஒரு முக்கியக் காரணம். மேடேறிப் போய் இன்னும் கொஞ்சம் காட்டை அழிப்பது, மழையைத் தரும் கையையே வெட்டுவதாகும். ஆகவே இருக்கும் இடத்திலேயே தாக்குப்பிடிக்க வழி தேட வேண்டும். பருவநிலைக்குத் தகவமைதல் என்று சொல்வது இதைத்தான்.

தகவமையாவிட்டால் என்ன ஆகும் என்பதை அண்மை ஆண்டுகள் காட்டிவிட்டன. 2023இல் அளவுக்கு மிஞ்சிய மழையால் காயைக் கறுப்பாக அழுக வைக்கும் பூஞ்சண நோய் பரவியது. அதைத் தொடர்ந்து எல் நினோவின் வறட்சி வந்தது. மாவுப்பூச்சிகள் பரப்பும் தண்டுவீக்க வைரஸ் ஏற்கெனவே மரங்களைத் தின்றுகொண்டிருந்தது. விளைச்சல் சரிந்தது. பத்தாண்டுகளாக டன்னுக்கு 2,000, 3,000 டாலர் அளவில் இருந்த உலக விலை 2024 மார்ச்சில் 10,000 டாலரைத் தாண்டியது, டிசம்பரில் 12,000ஐத் தொட்டது.

அப்படியானால் விவசாயி பணக்காரராகியிருப்பார் என்றுதான் யாருக்கும் தோன்றும். 2023 அக்டோபரில் தொடங்கிய பருவத்துக்கு ஐவரி கோஸ்ட் அரசு விவசாயிக்கு நிர்ணயித்த விலை கிலோவுக்கு 1,000 சிஎஃப்ஏ பிராங்க், அதாவது ஏறக்குறைய ஒன்றரை டாலருக்குச் சற்று மேல். உலகச் சந்தையில் அதே கிலோவின் விலை மாதக்கணக்கில் ஏறிப் பத்து டாலரைத் தொட்டபோதும் அந்த விலைதான். 2024 ஏப்ரலில் 1,500 ஆக உயர்த்தினார்கள். இரு நாட்டு அரசு அமைப்புகளும் அறுவடைக்கு வெகு முன்பே பெரும்பகுதியை முன்விற்பனை செய்துவிடுகின்றன என்பது இதற்குக் காரணம். விலை விழும் ஆண்டில் விவசாயியைக் காக்கும் ஏற்பாடு அது, ஏறும் ஆண்டில் அதுவே தடையாகிவிட்டது. காய் இல்லாத மரத்துக்கு எந்த விலை வந்தும் என்ன பயன் என்பது தனித் துயரம்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். உலகின் கரிம உமிழ்வில் ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதின் பங்கே நூற்றில் நான்கு அளவுதான். தாம் மூட்டாத தீயில் வேகிறவர்கள் இந்த விவசாயிகள். அதனால், உதவி என்ற சொல்லையே நான் தயக்கத்தோடுதான் பயன்படுத்துகிறேன்.

தோப்பில் என்ன செய்யலாம்

தீர்வுகள் புதியவை அல்ல. முதன்மையானது நிழல். கொக்கோவுக்கு மேலே உயரமான மரங்களை இடைவெளிவிட்டு வளர்த்தால் தோப்பின் வெப்பம் தணிகிறது, ஹர்மட்டான் காற்றின் வேகம் குறைகிறது, உதிரும் இலை மண்ணுக்குப் போர்வையாகிறது, அந்தச் சருகில் மகரந்தப் பூச்சியும் பெருகுகிறது. கன்று சிறிதாக இருக்கும் முதல் ஆண்டுகளில் வாழையும் சேம்பும் தற்காலிக நிழல் தருகின்றன, வீட்டுக்கு உணவும் ஆகின்றன. கானா விவசாயிகள் இதைப் பரம்பரையாகவே அறிவார்கள்.

அறிந்தும் ஏன் நிழல் மரங்கள் குறைந்தன? இந்தக் கேள்வியை விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நன்கொடைத் திட்டங்கள் பல இங்கேதான் சறுக்குகின்றன. ஒரு காரணம், கடந்த நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் முழு வெயிலில் வேகமாகக் காய்க்கும் கலப்பின ரகங்கள் பரப்பப்பட்டன. முதல் சில ஆண்டுகள் அள்ளிக் கொடுத்துவிட்டு, உரமும் பராமரிப்பும் குறைந்ததும் அவை சீக்கிரம் தளர்ந்துவிட்டன. மற்றொரு காரணம் சட்டம். கானாவில் தானாக முளைத்து வளரும் காட்டு மரத்தின் உரிமை, அது விவசாயியின் தோப்புக்குள்ளேயே நின்றாலும், அரசிடம் இருக்கிறது. உரிமம் பெற்ற மரவெட்டிகள் வந்து அதை வீழ்த்தினால் கீழே இருக்கும் கொக்கோ நசுங்கும், கிடைக்கும் இழப்பீடு சொற்பம். அதனால் காட்டு மரம் கன்றாக இருக்கும்போதே பிடுங்கி எறிந்துவிடுவது புத்திசாலித்தனமாகிவிட்டது. நட்டு வளர்த்த மரத்தைத் தம் பெயரில் பதிவுசெய்துகொள்ள முடியும், ஆனால் அதற்கு அலைய வேண்டும், ஆவணம் வேண்டும். நிழலின் அருமை பற்றி வகுப்பு எடுக்கும் ஒரு திட்டம் இந்தப் பதிவுக்கு உதவாவிட்டால் அந்த வகுப்பால் பயன் இல்லை.

நிழலுக்கு அடுத்தது கவாத்து. அடர்ந்த கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் தந்தால் அழுகல் நோய் குறையும். அழுகிய காய்களை வாராவாரம் அகற்றுவது, வேரடியில் சருகு மூடாக்கு இடுவது, வறட்சி தாங்கும் ரகக் கன்றுகளை நடுவது, மழை எதிர்பாராமல் வரும் நாட்களில் விதை பூசணம் பிடிக்காமல் காக்கக் கூரையுள்ள உலர்களம் அமைப்பது என்று இன்னும் பல உண்டு. பெரும்பாலானவற்றுக்குப் பெரிய தொழில்நுட்பம் தேவையில்லை, ஆள்கூலிதான் தேவை.

இவ்வளவு எளிது என்றால் விவசாயிகள் ஏன் செய்யவில்லை? சோம்பலா, அறியாமையா? இரண்டும் இல்லை. கிழட்டு மரத்தைப் பிடுங்கிவிட்டுப் புதுக் கன்று நட்டால் அது காய்க்க மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த நிலத்திலிருந்து கொக்கோ வருமானம் இல்லை. தண்டுவீக்க நோய் வந்த மரத்தைக் காப்பாற்ற வழியே இல்லை, வெட்டி எடுத்தால்தான் பக்கத்து மரம் தப்பும். இருந்தும் விவசாயி தயங்குகிறார், பாதி செத்த மரமும் இந்த ஆண்டுக்கு நாலு காய் தருகிறதே என்று. கானாவில் சிலர் கொக்கோ நிலத்தையே கலம்சே என்று அழைக்கப்படும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கக்காரர்களிடம் விற்றுவிடுகிறார்கள். சுரங்கக்காரர் இன்றைக்கே பணம் தருகிறார், மரம் ஐந்து ஆண்டு கழித்துத் தருகிறது. நிலம் சொந்தமில்லாமல் அபுசா, அபுனு என்ற பங்கு முறைகளில் விளைச்சலில் மூன்றில் ஒன்றோ பாதியோ பெற்று உழைப்பவரின் நிலை இன்னும் கடினம். தான் நடும் நிழல் மரம் யாருக்கோ நிழல் தரப் போகிறது என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு.

ஆக, விவசாயிக்குக் கன்றும் தெரியும், கவாத்தும் தெரியும். இல்லாதது காத்திருக்கும் வசதி. பருவநிலைக்குத் தகவமைய ஆகும் செலவில் மிகப் பெரியது இந்தக் காத்திருப்புதான் என்பது என் உறுதியான கருத்து. நன்கொடைச் சாக்லேட்டின் வேலை இந்தக் காத்திருப்பைச் சுமக்க உதவுவதுதான். ஒரு சாக்லேட் விற்பனைத் திட்டத்தை எடைபோட இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

சாக்லேட்டிலிருந்து பணம் எப்படிப் பிரிகிறது

நன்கொடைச் சாக்லேட் பல வடிவங்களில் வருகிறது. பள்ளியோ தொண்டர் குழுவோ மொத்த விலைக்குப் பெட்டி பெட்டியாக வாங்கி, தெரிந்தவர்களிடம் விற்று, கிடைக்கும் லாபத்தை ஒரு திட்டத்துக்குக் கொடுப்பது ஒன்று. நிறுவனமே ஒவ்வொரு சாக்லேட்டுக்கும் இவ்வளவு என்று ஒதுக்குவது இன்னொன்று. பிரிட்டனில் காமிக் ரிலீஃப் என்ற அறக்கட்டளையோடு சேர்ந்து 2000இல் வெளிவந்த டபுள் என்ற சாக்லேட், சிறுவர்களிடம் இந்த எண்ணத்தைக் கொண்டுசென்ற தொடக்க முயற்சிகளில் ஒன்று. ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஃபேர்செயின் அறக்கட்டளையும் 2019இல் தி அதர் பார் என்ற சாக்லேட்டை வெளியிட்டன. எக்வடோர் நாட்டுக் கொக்கோ அது. உறைக்குள் ஒரு குறியீடு இருந்தது. வாங்கியவர் அதன் மதிப்பை அடுத்த சாக்லேட்டில் தள்ளுபடியாகவும் எடுத்துக்கொள்ளலாம், விவசாயிகளுக்கு மரம் நடவும் கொடுத்துவிடலாம். தேர்வை வாங்குபவர் கையில் வைத்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எல்லாப் பசுமைச் சாக்லேட்டும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். விற்பனைப் பணத்தில் வேறெங்கோ காடு வளர்க்கும் சாக்லேட்டுகள் உண்டு, வனவிலங்குகளுக்குத் தருபவையும் உண்டு. அவை நல்ல காரியங்களே. ஆனால் கொக்கோ விவசாயியின் வறட்சிக்கு அவை மருந்தாகா. உறையில் இருக்கும் மரப் படத்தை மட்டும் பார்த்து முடிவுசெய்ய முடியாது.

ஃபேர்டிரேட் போன்ற நியாய வணிக முத்திரையும் நன்கொடையும் வேறு வேறு. முத்திரை என்பது கொள்முதல் விதி. 2019 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த கணக்குப்படி, விலைக்கு மேல் டன்னுக்கு 240 டாலர் ஊக்கத்தொகை விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போக வேண்டும் என்பது ஃபேர்டிரேட் விதி. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று உறுப்பினர்களே வாக்களித்து முடிவுசெய்வார்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 100 கிராம் பால் சாக்லேட் செய்யச் சுமார் 50 கிராம் கொக்கோ விதை தேவை என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு டன் விதையிலிருந்து 20,000 சாக்லேட் வரும். 240 டாலரை 20,000ஆல் வகுத்தால் ஒரு சாக்லேட்டுக்குக் கிடைப்பது 1.2 சென்ட். முதன்முதலாக இந்தக் கணக்கைப் போட்டபோது, எங்கோ தவறிவிட்டேன் என்று இரண்டாம் முறை போட்டுப் பார்த்தேன். தவறு இல்லை. விவசாயியின் கையிலிருந்து புறப்படும் விதை, சாக்லேட்டின் கடை விலையில் அவ்வளவு சிறிய துண்டு. அதனால்தான் ஒரு சாக்லேட்டுக்கு 10 சென்ட் என்று நேராக ஒதுக்கும் நன்கொடை, பார்வைக்குச் சிறிதாக இருந்தாலும் முத்திரையின் ஊக்கத்தொகையைப் போல எட்டு மடங்கு. 20,000 சாக்லேட் விற்றால் 2,000 டாலர். ஒரு டன் விதை என்பது இரண்டு, இரண்டரை ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் ஓர் ஆண்டு விளைச்சல். அந்தக் குடும்பத்தின் முன் 2,000 டாலர் என்பது எவ்வளவு பெரிது என்று நினைத்துப் பாருங்கள்.

சொற்களிலும் கவனம் வேண்டும். லாபத்தில் பத்து சதவீதம் என்பதும் விற்பனை விலையில் பத்து சதவீதம் என்பதும் வேறு. நான்கு டாலர் சாக்லேட்டில் நிறுவனத்துக்கு நிற்கும் லாபம் முப்பது சென்ட் என்று வைத்தால், முதலாவது மூன்று சென்ட், இரண்டாவது நாற்பது சென்ட். லாபமே இல்லாத ஆண்டில் முதலாவது பூஜ்யம். விவசாயிக்கு வறட்சி வரும் ஆண்டில்தான் கொக்கோ விலை ஏறி நிறுவனத்தின் லாபமும் சுருங்கும். அதாவது தேவை அதிகமாக இருக்கும்போதே உதவி வற்றிவிடும். அதனால் லாபத்தோடு கட்டாமல் ஒவ்வொரு சாக்லேட்டோடும் கட்டிய நன்கொடையே மேல் என்று நான் சொல்வேன்.

பணம் சங்கத்தின் வழியே போவதும் முக்கியம். கானாவின் குவாபா கொக்கோ 1993இல் தொடங்கிய விவசாயிகள் சங்கம். அதன் உறுப்பினர்கள் கொக்கோ விற்பதோடு நிற்காமல், 1998இல் பிரிட்டனில் உருவான டிவைன் சாக்லேட் நிறுவனத்தில் பங்குதாரர்களும் ஆனார்கள். 2006இல் பாடி ஷாப் நிறுவனம் தன் பங்கைச் சங்கத்துக்குக் கொடுத்தபோது அவர்களின் பங்கு 45 சதவீதமாயிற்று. பின்னாளில் நிறுவனம் கைமாறியபோது அது குறைந்தது. ஆயினும் விதை விற்பவர் சாக்லேட் லாபத்திலும் கூட்டாளி ஆக முடியும் என்பதை அவர்கள் செய்துகாட்டினார்கள். நன்கொடைக்கு எல்லை உண்டு, பங்குரிமை அதைவிட நீண்டு நிற்கும்.

அந்தப் பணம் எதைச் செய்தால் நல்லது

மரக்கன்று கொடுப்பதுதான் பலருக்கும் முதலில் தோன்றும். படமும் நன்றாக வரும். ஆனால் நட்ட கன்றுக்கும் பிழைத்த கன்றுக்கும் இடையில் ஒரு ஹர்மட்டான் இருக்கிறது. முதல் வறட்சியில் தண்ணீர் ஊற்ற ஆளும் வசதியும் இல்லாவிட்டால் கணக்கில் ஆயிரம் மரம் இருக்கும், தோப்பில் இருக்காது. மூன்றாம் ஆண்டில் எத்தனை மரம் உயிரோடு இருக்கிறது என்று சொல்லும் திட்டத்தைத் தயங்காமல் நம்பலாம்.

காத்திருப்புக்கு உதவுவது பல வகையில் முடியும். நிலம் முழுவதையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், ஆண்டுக்குக் கால் பங்காகப் பழைய மரத்தை எடுத்துப் புதிதாக நடும்படி திட்டமிட்டு, இழக்கும் வருமானத்துக்கு ஈடாக ஒரு தொகையை மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கொடுக்கலாம். வாழை, சேம்பு, மரவள்ளி ஆகியவற்றின் விதைக்கும் சந்தைக்கும் வழி செய்தால் இடைக்காலத்தில் அடுப்பு எரியும். கவாத்து செய்யப் பயிற்சி பெற்ற இளைஞர் குழுவுக்குக் கூலி கொடுத்தால் வயதான விவசாயிகளின் தோப்புகளும் சீராகும், ஊரில் வேலையும் கிடைக்கும்.

ஊர்ச் சேமிப்புக் குழுக்களை நான் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். கேர் என்ற அமைப்பு 1991இல் நைஜர் நாட்டில் தொடங்கி ஆப்பிரிக்கா எங்கும் பரவிய முறை இது. இருபது பேர் அளவில் கூடி வாராவாரம் சிறு தொகை சேர்க்கிறார்கள். மூன்று பூட்டுள்ள பெட்டியில் பணம், மூன்று சாவியும் மூன்று பேரிடம். உறுப்பினருக்கு அவசரம் என்றால் அதிலிருந்தே கடன். கொக்கோ வேலையில் பாதியைச் செய்தும் நிலப் பட்டாவில் பெயர் இல்லாத பெண்கள் இந்தக் குழுக்களில் முன்னணியில் இருக்கிறார்கள். நன்கொடையை இந்தப் பெட்டிக்குள் கொட்டுவது தவறு, வெளிப்பணம் வந்தால் கட்டுப்பாடு தளரும். குழு தொடங்கவும் கணக்கு எழுதப் பழகவும் ஆகும் செலவை ஏற்றால் போதும். அதன்பின் அது தன் காலில் நிற்கும்.

நேரடிப் பணமும் வெட்கப்பட வேண்டிய உதவி அல்ல. நெஸ்லே 2022இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது, கவாத்து செய்வது, நிழல் மரம் நடுவது, வேறு வருமானம் தேடுவது ஆகியவற்றுக்கு முதல் இரண்டு ஆண்டுகள் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 500 சுவிஸ் பிராங்க் வரை ஊக்கத்தொகை கிடைக்கிறது. அது கணவருக்கும் மனைவிக்கும் பிரித்துக் கைப்பேசி வழியாகப் போகிறது. அது நன்கொடை இல்லை, ஒரு பெரிய நிறுவனத்தின் கொள்முதல் ஏற்பாடு. ஆனாலும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் அந்த முறையைச் சிறிய சாக்லேட் விற்பனைக் குழுக்களும் கற்றுக்கொள்ளலாம். பள்ளியைச் சேர்த்ததும் சரிதான். கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் சுமார் 15 லட்சம் குழந்தைகள் கொக்கோ வேலையில் இருப்பதாகச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையம் 2020இல் மதிப்பிட்டது. விளைச்சல் சரியும் ஆண்டில் கூலியாளை நிறுத்திவிட்டுப் பிள்ளையைத் தோப்புக்கு அழைத்துப் போவதுதான் ஒரு குடும்பத்துக்குக் கைக்கு எட்டும் தகவமைப்பு. வானிலை மோசமாகும்போது முதல் விலையைக் கொடுப்பது அந்தப் பிள்ளையின் படிப்பு.

நன்கொடைச் சாக்லேட் விற்கப் புறப்படும் குழு ஒன்றுக்கு நான் சொல்ல நினைப்பது நாட்காட்டியைப் பற்றி. சாக்லேட் அதிகம் விற்பது டிசம்பரில், பிறகு பிப்ரவரியிலும் ஈஸ்டரிலும். பெரும்பாலான அமைப்புகள் ஆண்டுக் கணக்கை முடித்து, அறிக்கை எழுதி, ஒப்புதல் வாங்கிப் பணத்தை அனுப்பும்போது ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடுகிறது. கொக்கோ ஊரில் அது கையில் காசில்லாத காலம், பெரிய அறுவடை அக்டோபரில்தான் தொடங்கும். அப்போது வரும் பணம் கன்றுக்குப் போகாது, பழைய கடனின் வட்டிக்குப் போகும். அதற்காக விவசாயிகளைக் குறைசொல்ல முடியாது. டிசம்பரில் விற்றதன் பணத்தை மட்டுமாவது கணக்கு முடியும்வரை வைத்திருக்காமல் மார்ச்சுக்குள் சங்கத்தில் சேர்த்துவிட்டால், குழி வெட்டவும் வாழைக்கட்டை வாங்கவும் நேரம் இருக்கும். ஏப்ரல் மழைக்கு நட்ட கன்றுக்கு ஹர்மட்டான் வருவதற்குள் வேர்விட எட்டு மாதம் கிடைக்கும்.